அப்பாவுக்கு எந்தத் துண்டு பிடிக்கும்?

என் மகன் குணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உறையின் மேல் என் கோணல் எழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படாதே. ஆகவேண்டியது போன வருஷமே ஆகிவிட்டது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் வேண்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ போன் அடித்தால் "பசியாறிட்டீங்களாம்மா" என்று கேட்பாய், நான் "ஆச்சு" என்பேன், நீ "சரிம்மா, வைக்கிறேன்" என்பாய். பதினோரு மாதமாக நமக்குள் இந்தப் பேச்சுதான். போன வாரம் உன் குரலுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது, தட்டு கழுவுகிற சத்தமும் கேட்டது. ஜொகூரில் நீ தனி அறையில் இருப்பதாகத்தானே சொன்னாய். யார் அது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. நான் கேட்காமல் இருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் உன் அப்பாவின் தலைத்திவசம். நீ வருவாயா மாட்டாயா என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. வரமாட்டாய் என்றுதான் என் மனசுக்குப் படுகிறது. ஐயருக்குச் சொல்லி, பணத்தை அனுப்பிவிட்டு, லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவாய். அப்படிச் சொன்னால் உன்மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் கிடையாது. கருமாதிக்கு முந்தின நாள் சாயங்காலம் படையல் போட்டபோது நான் பேசிய பேச்சு அப்படி. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் சீனி மூட்டையைப் பற்றி எழுத வேண்டும். இரண்டும் ஒன்றுதான்.

உனக்கு இரண்டு வயதில் வயிற்றுப்போக்கு வந்து எலும்பும் தோலுமாகக் கிடந்தாய். ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் தாதி தேடிக்கொண்டிருந்தாள். அப்போது நான் ஒரு வேண்டுதல் வைத்தேன். இந்தப் பிள்ளையைப் பதினைந்து வயது தொட வை முருகா, எடைக்கு எடை சீனி கொட்டுகிறேன் என்றேன். நீ பிழைத்தாய். அன்றிலிருந்து மெலிந்த பிள்ளையைப் பார்த்தாலே எனக்குப் பயம். நீ ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டு எழுந்தால் இன்னொரு கரண்டி வைப்பேன். காலையில் டின்பால் ஊற்றிய தேத்தண்ணீர், பள்ளிக்குப் போகும் வழியில் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக், வந்ததும் சோறு, சாயங்காலம் ரொட்டி சானாய் இரண்டு. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா, "பிள்ளை நல்லா இருக்கானே, என்ன குடுக்கிறே" என்று கேட்டால் அவள் கண் பட்டுவிடும் என்று உன்னை உள்ளே இழுத்து மிளகாய் சுற்றிப் போடுவேன். அவள் கண்ணைச் சந்தேகப்பட்டேன். என் கரண்டியை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

மூன்றாம் படிவம் படிக்கும்போது உனக்குப் பதினைந்து நிறைந்தது. மூன்று மூட்டை சீனி வாங்கி வைத்தேன், ஒவ்வொன்றும் இருபது கிலோ. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அறுபது கிலோ தாராளம் என்று என் கணக்கு. கோயில் தராசில் ஒரு தட்டில் நீ ஏறி உட்கார்ந்தாய், சட்டை இல்லாமல், வேட்டியோடு. மறு தட்டில் மூன்று மூட்டையும் வைத்தார்கள். நீ தரையை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. அப்பா மோட்டார் சைக்கிளில் சாமான் கடைக்கு ஓடிப்போய் இன்னொரு மூட்டை கொண்டு வந்தார். அதற்கும் எழும்பவில்லை. சனிக்கிழமைக் கூட்டம் சுற்றி நின்றது. யாரோ ஒருவர், "இன்னொண்ணு வச்சா முருகனுக்கே சீனி வியாதி வந்துரும்லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ தராசுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தே இருந்தாய். உன் காது இரண்டும் சிவந்து போயிருந்தன. அப்பா திரும்ப ஓடி ஐந்தாவது மூட்டையையும் கொண்டு வந்து வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் உன்னை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். நானும் சிரித்தேன், தம்பி. ஊரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வேண்டுதல் நிறைவேறிய சந்தோஷத்தில் சிரித்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். வெட்கத்தை மறைக்கச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த அன்றே நான் மாறிவிட்டேன். கரண்டி பிடித்த கை பூட்டைப் பிடித்தது. பிஸ்கட் டின், டின்பால், முட்டை எல்லாம் அலமாரிக்குள் போயின. சாவி என் தாலிக் கயிற்றில். உன் தட்டில் எத்தனை கவளம் போகிறது என்று எதிரே உட்கார்ந்து பார்த்தேன். நேற்று வரைக்கும் "தின்னு, தின்னு" என்றவள் இன்றைக்கு "போதும், எழுந்திரு" என்றால் பிள்ளை என்ன நினைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சமயத்தில்தான் டவுனில் அந்தக் கண்ணாடிக் கடை வந்திருந்தது. உள்ளே குளிர், பாட்டு, பொரித்த கோழி, பர்கர், காகிதப் பெட்டி. உன் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி விட்டதும் சட்டையைக்கூட மாற்றாமல் அங்கேதான் போய் உட்காருவார்கள் என்று பாக்கியம் அக்கா சொன்னாள். அவள் மகனும் அங்கேதான், அவனும் பானை மாதிரி ஆகிக்கொண்டிருந்தான், அவளுக்கு அது பெருமை. எனக்கு முதலிலிருந்தே அந்தக் கடைமேல் நம்பிக்கை இல்லை. நான் அறுத்துக் குழம்பு வைக்கும் கோழி ஒரு நாள் கெட்டியாக இருக்கும், ஒரு நாள் பஞ்சாக இருக்கும். தினம் ஒரே ருசியில் இருக்கிற கோழி என்ன கோழி? அதில் எதையோ போடுகிறார்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் இப்படிப் பைத்தியமாகப் போவார்களா? இன்றைக்கும் எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை.

அதனால் நீ வீட்டுக்குள் வந்ததும் "கையை நீட்டு" என்பேன். விரல் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பேன். பதினாறு வயதுப் பிள்ளையின் கையை, வாசலில் வைத்து, தெருவில் போகிறவர்கள் பார்க்க. முதலில் எண்ணெய் வாசம் வந்தது, அடித்தேன். பிறகு எண்ணெய் வாசம் போய் ஏதோ சோப்பு வாசம் வந்தது, ரோஜாப்பூ மாதிரி. பள்ளியில் கைகழுவ வைத்திருக்கிறார்கள் என்றாய். எண்ணெய் வாசம் இல்லாததால் நானும் விட்டுவிட்டேன். உன் உடம்பும் இறங்க ஆரம்பித்தது. நாலாம் படிவம் முடிவதற்குள் உன் சிலுவார் எல்லாம் இடுப்பில் நிற்கவில்லை, இரண்டு தடவை பிடித்துத் தைத்தேன். என் பூட்டும் என் மோப்பமும்தான் உன்னைக் காப்பாற்றின என்று நம்ம டத்தோ கிராமாட் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அதே வருஷம்தான் உன் அப்பாமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. அக்கரை மாக் மண்டின் கம்பெனியில் அவருக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு விட்டால் ஃபெரி ஏறி இரண்டரைக்கெல்லாம் வீட்டில் இருப்பவர், ஐந்து மணிக்கு மேல் வர ஆரம்பித்தார். கேட்டால் ஓவர்டைம் என்றார். ஒரு சனிக்கிழமை அவர் துணியைத் துவைக்க எடுத்தபோது சட்டைக் கையில் அந்த வாசம் வந்தது. ரோஜாப்பூ வாசம். தம்பி, கேள். உன் கையை முகர்ந்த அதே மூக்குதான், அதே வாசம்தான். உன் கையில் வந்தபோது அது சோப்பு. அவர் சட்டையில் வந்தபோது அது பொம்பளை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சந்தேகப்படுகிறவளுக்குக் கண் கூர்மை என்று சொல்வார்கள். இல்லை. தான் பார்க்க நினைத்ததை மட்டும்தான் அவள் பார்ப்பாள்.

ஒரு சனிக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு நான் தனியாக ஃபெரி ஏறி மாக் மண்டின் போனேன். உனக்கு இது தெரியாது. பட்டர்வொர்த்தில் இறங்கி, பஸ் பிடித்து, வழி கேட்டுக் கேட்டு கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. கேட்டில் காவல்கார ஜாகா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் ஒரு மணிக்கே போய்விட்டார்கள், ஓவர்டைம் நிறுத்தி நாலு மாசமாச்சு என்றார். திரும்பி வரும்போது ஃபெரியில் பூ வைத்த பெண், பவுடர் பூசிய பெண், தனியாக நிற்கிற பெண் என்று ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அன்று சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டேன். வேலை என்றார். "ஜாகாகிட்ட கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன். நீ கூடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாய். தலையைத் தூக்கி எதையோ சொல்ல வாயெடுத்தாய். அவர் உன்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அதை நான் பார்த்துவிட்டேன். அடப்பாவி, பிள்ளைக்கும் அவளைத் தெரியும், பிள்ளையும் சேர்ந்து மறைக்கிறான் என்று என் மனசு முடிவுகட்டிவிட்டது. "எவ அவ?" என்று கேட்டேன். "நீ நினைக்கிற மாதிரி ஒண்ணுமில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன், அவ்வளவுதான். நீ ஐந்தாம் படிவம் முடித்துத் தெற்கே படிக்கப் போனதும் சனிக்கிழமை நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். அவள் விட்டுவிட்டுப் போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எட்டு வருஷம் ஒரே வீட்டில் அப்படி இருந்தோம். போன வருஷம் நெஞ்சு வலி என்று சாய்ந்தார், மூன்றாம் நாள் போய்விட்டார். சாவு வீட்டில் எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அழவில்லை என்று உன் அத்தை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தம்பி. தெரியாத ஒருத்தி அழுதுகொண்டு படியேறுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை. பெட்டியை எடுக்கும்வரைக்கும் பார்த்தேன்.

இனிமேல்தான் அந்தப் படையல். அவருக்குப் பிடித்தது எல்லாம் இலையில் வைத்தோம். ஆட்டுக்கறி, மீன் சம்பல், முருங்கைக்கீரை, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், சிகரெட்கூட. நீ வெளியே போய்விட்டு ஒரு காகிதப் பெட்டியோடு வந்தாய். திறந்தால் அந்தக் கண்ணாடிக் கடைக் கோழி. அவர் படத்துக்கு முன்னால், என் ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில் வைத்தாய். "அப்பாவுக்குப் பிடிச்சதும்மா" என்றாய். எனக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ. அவர் வாழ்நாளில் அதைத் தொட்டிருப்பாரா? என்னைப் பழிவாங்கத்தான் வைக்கிறாய், பூட்டுக்கும் மோப்பத்துக்கும் சேர்த்துச் செத்தவர் இலையில் வைத்துக் காட்டுகிறாய் என்று தோன்றியது. பெட்டியை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். போட்டதோடு நின்றேனா? "இதைத் தின்னு நீ ஊதினது பத்தலையா? உன்னை நினைச்சு நினைச்சுத்தான் அவர் நெஞ்சு வெடிச்சுப் போச்சு" என்றேன். சொந்தக்காரர்கள் எல்லாம் இருந்தார்கள். நீ தலை குனிந்து நின்றாய், காது சிவந்தது. தராசில் உட்கார்ந்திருந்த அதே பிள்ளை. அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. மறுநாள் காரியத்தை முடித்துவிட்டு, என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்காமல் பஸ் ஏறிவிட்டாய்.

மூன்று மாதத்துக்கு முன்னால் சலீம் பாய் வந்தார். அப்பாவோடு இருபது வருஷம் ஒரே ஃபெரியில் வேலைக்குப் போனவர். மருமகனுக்கு அந்தப் பழைய மோட்டாரைக் கேட்டார். கொடுப்பதற்கு முன்னால் மோட்டாரின் பக்கவாட்டுப் பெட்டியைக் காலி செய்தேன். ஸ்பேனர், மழைக்கோட்டு, அடியில் ஒரு பால்மாவு டின். அதற்குள் ரப்பர் வளையம் போட்டுச் சின்னச் சின்ன அட்டைகள் ஒரு கட்டு, பிதுக்கித் தின்கிற சாஸ் பொட்டலம் நாலைந்து, காய்ந்து கட்டையாக. கடைசியில் அகப்பட்டது என்றுதான் நினைத்தேன். அவள் எழுதிக் கொடுத்தது என்று நினைத்தேன். பிரித்தால் நம்பர். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும், நம்பர் வரும். தொண்ணூற்றாறு. தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றேழு. சரி, பொம்பளை இல்லை, சூதாட்டம் என்று நினைத்தேன். பாயைப் பார்த்து, என்ன இது, நீங்களும் சேர்ந்துதான் மறைத்தீர்களா என்று கேட்டேன். அவர் வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அக்கா, இது எடை பாக்குற மிசின்ல விழுற கார்டு. குணாவோடது" என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன், ஆனாலும் எழுதுகிறேன், எனக்கும் தெரிந்துவிட்டது என்று நீ அறிய வேண்டும். ஒரு நாள் அப்பா அந்தக் கடைக்குப் பின்சந்தில் மோட்டாரில் போனபோது, பள்ளிச் சட்டையோடு நீ சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அவசர அவசரமாகக் கோழி தின்றுகொண்டிருந்தாயாம். எலும்பைத் துப்பக்கூட நேரமில்லாமல். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒளிஞ்சு தின்னாதே, சனிக்கிழமை என்கூட வந்து உட்கார்ந்து தின்னு, மற்ற நாள் தொடாதே என்றாராம். நீ சரி என்றாயாம், அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றாயாம். அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஃபெரித் துறையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, மருந்துக் கடை வாசல் மிசினில் ஏறி எடை பார்த்துவிட்டு, கடலோரமாக நடந்து, பாடாங் திடலைச் சுற்றி, அந்தக் கடைக்குப் போய் இரண்டு பேருக்கு ஒரு பெட்டி. திரும்பவும் நடை. சனிக்கிழமை பள்ளியில் கூடுதல் வகுப்பு என்று நீ என்னிடம் சொன்னது இதற்குத்தானாம், உன்னை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் பிந்தி வருவாராம். மழை பெய்தாலும் விட்டதில்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நான் பாயிடம் கேட்டேன். "நானும் சொன்னேங்கா. அதுக்கு அவரு, வீட்டுல ஒவ்வொரு கவளத்தையும் எண்ணுறாங்க பாய், வாரத்துல ஒரு வேளையாச்சும் என் பிள்ளை பயப்படாம தின்னட்டும்னாரு" என்றார்.

பாய் போனபிறகு அந்த அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். ஒரேயடியாக இறங்கவில்லை. தீபாவளிக்குப் பிறகு ஏறியிருக்கிறது, பரீட்சை மாதத்தில் ஏறியிருக்கிறது. கடைசி அட்டையில் எழுபத்தொன்பது. என் பூட்டு இல்லை, என் மூக்கு இல்லை. அந்த நடை. அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டுதான், அவர் போய் எட்டு மாதம் கழித்து, நான் அழுதேன்.

அவர் செய்தது முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காக்கப் பெண்டாட்டியை எட்டு வருஷம் வேகவிடலாமா? அவர் உயிரோடு இருந்தால் இதற்கே ஒரு சண்டை போட்டிருப்பேன். உனக்கும் சொல்கிறேன், அந்தப் பாத்திரம் கழுவுகிற பெண் யாராக இருந்தாலும் சரி, அவளிடம் எதையும் நல்லதற்கென்று மறைக்காதே. மறைத்த நல்லதும் கெட்ட வாசம்தான் அடிக்கும். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் அதன் தட்டை எட்டிப் பார்க்காதே. அது குண்டாக இருந்தாலும் ஒல்லியாக இருந்தாலும் நாலு பேருக்கு நடுவில் அதை நிறுத்தி எடை போடாதே. அந்தக் கடைக்கும் ரொம்பக் கூட்டிப் போகாதே. அவர்கள்மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான், அது வேறு விஷயம். போனால் கூட உட்கார்ந்து தின்னு, கூட நட.

நேற்று நானே அந்தக் கடைக்குப் போனேன். திவசத்துக்கு அவருக்குப் பிடித்ததை நானே வாங்கி வைக்கலாம் என்று. குளிரில் கை கால் விறைத்தது. பள்ளிச் சட்டையோடு பிள்ளைகள் கூட்டம், பாதிப் பேர் நீ அப்போது இருந்த மாதிரிதான் இருந்தார்கள். கை கழுவும் இடத்தில் அந்தச் சோப்பை அமுக்கி முகர்ந்து பார்த்தேன். அதே ரோஜாப்பூ. பிறகு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. தொப்பி போட்ட பெண் சிரித்துக்கொண்டே, "பாஹாவா, டாடாவா, மாச்சிக்?" என்று கேட்டாள். தொடையா நெஞ்சா, அத்தை என்று மலாயில் கேட்கிறாள். இருபத்தேழு வருஷம் அவருக்குச் சமைத்தவள் நான். எனக்குத் தெரியவில்லை, தம்பி. பின்னால் நிற்கிறவர்கள் அவசரப்பட்டார்கள். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

உலகத்தில் அது உனக்கு மட்டும்தான் தெரியும். திவசத்துக்கு முந்தின நாள் வந்துவிடு. தனியாக வந்தாலும் சரி, அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் சரி. வரும் வழியில் அந்தப் பெட்டியை வாங்கி வந்து நீயே இலையில் வை, என் ஆட்டுக்கறிக்கு முன்னால் வேண்டுமானாலும் வை. உன் கையை முகர்ந்து பார்க்கமாட்டேன். எந்தத் துண்டு என்று போனில் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பாய், உன்னை எனக்குத் தெரியும். போனில் சொல்லாதே. நேரில் வந்து சொல்.

அம்மா